எண்ணமும் எண்ணிக்கையும்: ஆங்கில அருவப் பெயர்கள் எப்போது பன்மை ஏற்கின்றன?

அன்பு, பொறுமை, அறிவு, சுதந்திரம் போன்றவற்றைத் தொட முடியாது, எண்ணவும் முடியாது; ஆகவே அவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்குப் பன்மை கிடையாது. பள்ளியில் நாம் படித்த விதி இது. அதை நம்பி ஆங்கிலச் செய்தித்தாளைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே விதி உடைகிறது. ‘ஹோப்ஸ்’, ‘ஃபியர்ஸ்’, ‘டிஃபிகல்ட்டீஸ்’, ‘ஃப்ரீடம்ஸ்’, ‘இன்ஜஸ்டிசஸ்’ என்று அருவப் பெயர்களின் பன்மைகள் வரிசையாக வருகின்றன. அப்படியானால் எல்லாவற்றுக்கும் ‘எஸ்’ சேர்த்துவிடலாம் என்று ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்று எழுதினால் அங்கே சிவப்பு மையின் அடிக்கோடு விழுகிறது. விதியைக் கடைப்பிடித்தாலும் தவறு, மீறினாலும் தவறு என்ற நிலையில் மாணவர் நிற்கிறார்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கலக்கியதுதான். முதலாவது, பொருளைப் பற்றிய கேள்வி: நான் சொல்லவருவது எல்லையில்லாத ஒரு தன்மையையா, அல்லது தொடக்கமும் முடிவும் உள்ள தனித்தனி நிகழ்வுகளையா? இரண்டாவது, வழக்கைப் பற்றிய கேள்வி: எல்லை உண்டு என்றாலும், இந்தச் சொல்லைப் பன்மையில் சொல்ல ஆங்கிலம் பேசுவோர் இசைந்திருக்கிறார்களா? முதற்கேள்விக்கு அறிவால் விடை காணலாம். இரண்டாவதற்குப் பழக்கமும் அகராதியும் வேண்டும். இரண்டையும் பிரித்துக்கொண்டால் குழப்பத்தின் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

விதி வந்த வழி

இந்திய வகுப்பறைகளில் தலைமுறைகளாகப் புழங்கும் ரென், மார்ட்டின் இலக்கணநூல், அருவப் பெயர்களுக்குப் பன்மை இல்லை என்பதோடு நிற்கவில்லை. அவை பன்மையில் வந்தால் பொதுப்பெயர்களாகிவிடுகின்றன என்றும், ‘கைண்ட்னஸஸ்’ என்பது அன்பான செயல்களைக் குறிக்கும் என்றும் அது விளக்குகிறது. நாம் விதியின் முதற்பாதியை மனப்பாடம் செய்து, பயனுள்ள பின்பாதியை விட்டுவிட்டோம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அருவம், பருப்பொருள் என்ற பிரிவு வேறு; எண்ணத்தக்கது, எண்ணத்தகாதது என்ற பிரிவு வேறு. இரண்டும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்கின்றன. ‘ஐடியா’ அருவம், ஆனால் எண்ணத்தக்கது. ‘ஃபர்னிச்சர்’ கண்ணுக்குத் தெரியும் பொருள், ஆனால் எண்ணத்தகாதது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆங்கில இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன், 1924-இல் வெளியான ‘தி ஃபிலாசஃபி ஆஃப் கிராமர்’ நூலில் இதைத் தெளிவாக வகுத்தார். எண்ணத்தக்க சொற்களை ஒருபுறமும், தாம் ‘மாஸ் வேர்ட்ஸ்’ என்று அழைத்த திரள் சொற்களை மறுபுறமும் வைத்தார். திரள் சொற்களில் தண்ணீர், தங்கம் போன்ற பருப்பொருள்களும் உண்டு. இசை, அறிவு போன்ற அருவங்களும் உண்டு.

இந்தப் பிரிவைக் கற்போர் கைக்குக் கொண்டுசேர்த்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளியானது. பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா இல்லையா என்ற குறியீட்டை அது கற்போருக்குக் காட்டியது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்ததே. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குத் தோன்றாத இந்த ஐயம் வெளியிலிருந்து வந்து கற்றவர்களுக்குத்தான் தோன்றியது. அவர்களுடைய தேவையே அந்தக் குறியீட்டை உருவாக்கியது.

பின்வந்த ஆய்வுகள் எல்லைக்கோட்டைத் தளர்த்தின. ராண்டால்ஃப் குவெர்க் குழுவினரின் 1985-ஆம் ஆண்டுப் பேரிலக்கணம், ஏராளமான சொற்கள் இரு வகையிலும் இயங்குவதை விளக்கியது. ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் 2002-ஆம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ் இலக்கணம், எண்ணத்தக்க தன்மை சொல்லுக்கு உரியதன்று, சொல் ஏற்கும் பொருளுக்கு உரியது என்ற நோக்கில் பேசியது. கீத் ஆலன் 1980-இல் எழுதிய கட்டுரை, எண்ணத்தக்க தன்மையில் ஏற்ற இறக்கப் படிகள் உண்டு என்று காட்டியது. ‘நாலெட்ஜ்’ என்ற சொல் இதற்கு நல்ல சான்று. ஒருவருக்கு ‘எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலீஷ்’ இருக்கிறது என்று எழுதலாம். அங்கே ‘எ’ வருகிறது. ஆனால் இருவரைப் பற்றிப் பேசும்போது ‘குட் நாலெட்ஜஸ்’ என்று எழுத முடியாது. ‘எ’ வந்துவிட்டதால் ‘எஸ்’ஸும் வரும் என்று கணக்குப் போடக்கூடாது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

பன்மை பிறக்கும் நான்கு இடங்கள்

முதலாவது, தன்மை செயலாகும் இடம். ‘க்ரூவல்ட்டி’ கொடூரம் என்னும் தன்மை. ‘க்ரூவல்ட்டீஸ்’ கொடூரச் செயல்கள். ‘இன்ஜஸ்டிஸ்’ அநீதி; ‘இன்ஜஸ்டிசஸ்’ இன்னாருக்கு, இன்ன நாளில் இழைக்கப்பட்ட அநீதிகள். ‘ஃபெயில்யர்’, ‘சக்சஸ்’, ‘டிஃபிகல்ட்டி’ ஆகியவையும் இப்படித்தான். நடந்தது எது, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று சொல்லக்கூடிய நிலையில் பன்மை இயல்பாக வந்து அமர்கிறது. இந்தப் பன்மைக்கு ஓர் அற வலிமையும் உண்டு. ஒரு சமூகத்தில் அநீதி இருக்கிறது என்றால் அது பொதுவான கவலை. அநீதிகள் நடந்தன என்றால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டும் பொறுப்பை எழுதுபவர் ஏற்கிறார்.

இரண்டாவது, ஒன்று பல வகைகளாகப் பிரியும் இடம். 1941 ஜனவரி 6 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை ‘ஃபோர் ஃப்ரீடம்ஸ்’ என்ற பெயரில் நிலைத்துவிட்டது. பேச்சுரிமை, வழிபாட்டு உரிமை, வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை என்று நான்கை அவர் பிரித்துச் சொன்னார். ஒருமையில் நின்ற சுதந்திரம் ஓர் இலட்சியமாக இருந்தது. நான்காகப் பிரிந்ததும் அதில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று சரிபார்க்கும் பட்டியலாகிவிட்டது. 1950-இல் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் முழுப்பெயரிலும் ‘ஃபண்டமென்டல் ஃப்ரீடம்ஸ்’ என்ற பன்மையே இருக்கிறது. நீதிமன்றத்தில் நின்று கேட்க வேண்டியவை எண்ணத்தக்கவையாக இருந்தாக வேண்டும் என்பதை அந்தப் பெயர் காட்டுகிறது.

மூன்றாவது, உள்ளத்தில் தோன்றும் எண்ணங்களும் உணர்வுகளும். ‘ஹோப்ஸ்’, ‘ஃபியர்ஸ்’, ‘டவுட்ஸ்’, ‘சஸ்பிஷன்ஸ்’, ‘பிலீஃப்ஸ்’ என்று தாராளமாகப் பன்மை வருகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனி உள்ளடக்கம் உண்டு. மகன் தேர்வில் வெல்வான் என்பது ஒரு நம்பிக்கை. மழை வரும் என்பது இன்னொன்று. உள்ளடக்கம் மாறினால் எண்ணிக்கை மாறுகிறது. ‘ஹாப்பினஸ்’, ‘பேஷன்ஸ்’, ‘கரேஜ்’, ‘கிராட்டிட்யூட்’ முதலியவை மனத்தின் நிலைகளாகவே கருதப்படுவதால் ஒருமையிலேயே நிற்கின்றன. ஆயினும் இந்த விளக்கத்தை முழுவிதியாக்க முடியாது. ஒவ்வொரு கோபத்துக்கும் ஒரு காரணம் உண்டு; ஆனாலும் ‘ஆங்கர்’ பன்மை ஏற்பது மிக அரிது. பொருள் இடம் கொடுத்த பிறகும் வழக்கு மறுக்கும் இடம் இது.

நான்காவது, அளவு. அறிவியல் எழுத்தில் ‘டெம்பரேச்சர்ஸ்’, ‘ப்ரெஷர்ஸ்’, ‘வெலாசிட்டீஸ்’, ‘டென்சிட்டீஸ்’, ‘ப்ராபபிலிட்டீஸ்’ ஆகியவை எந்தத் தயக்கமும் இல்லாமல் வருகின்றன. வெப்பம் ஒரு தன்மை; வெப்பநிலை ஓர் எண். தன்மை எண்ணாக மாறியதும், மூன்று இடங்களில் அளந்தால் மூன்று வெப்பநிலைகள் கிடைத்துவிடுகின்றன. அறிவியல் கட்டுரை எழுதும் நம் மாணவர்கள் அருவப் பெயர் என்பதற்காக இங்கே அஞ்ச வேண்டியதில்லை.

சொல்லின் ஈறும் ஓரளவு துப்புத் தரும். ‘இட்டி’ என்று முடியும் சொற்கள் எளிதில் பன்மையாகின்றன: ‘எபிலிட்டீஸ்’, ‘ஆக்டிவிட்டீஸ்’, ‘பாசிபிலிட்டீஸ்’, ‘ரெஸ்பான்சிபிலிட்டீஸ்’. ‘னஸ்’ என்று முடிபவற்றில் ‘வீக்னஸஸ்’, ‘இல்னஸஸ்’ போன்ற சில மட்டும் இயல்பாக வரும், பெரும்பாலானவை வருவதில்லை. ‘ஷிப்’ ஈற்றில் ‘ஃப்ரெண்ட்ஷிப்ஸ்’, ‘ஹார்ட்ஷிப்ஸ்’ வரும். ‘டம்’ ஈற்றில் ‘ஃப்ரீடம்ஸ்’ வரும், ‘போர்டம்ஸ்’ வராது. ஈற்றை முடிவான சான்றாகக் கொள்ளாமல் முதல் ஊகத்துக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

பன்மையில் பொருள் மாறும் சொற்கள்

சில சொற்களில் ‘எஸ்’ சேர்ந்தால் வேறொரு சொல்லே பிறந்துவிடுகிறது. ‘டேமேஜ்’ சேதம், ‘டேமேஜஸ்’ நீதிமன்றம் வழங்கச் சொல்லும் இழப்பீடு. புயல் பல ஊர்களில் சேதம் விளைவித்தாலும் அது ‘டேமேஜ்’தான். ‘கஸ்டம்’ வழக்கம், ‘கஸ்டம்ஸ்’ வழக்கங்கள் என்பதோடு சுங்கத்துறையையும் குறிக்கும். ‘மேனர்’ செய்யும் விதம். ‘மேனர்ஸ்’ நடத்தைப் பண்பு. ‘பெயின்’ வலி, ‘டேக் பெயின்ஸ்’ என்றால் அக்கறையோடு மெனக்கெடுவது. ‘ரிகார்ட்’ மதிப்பு, ‘ரிகார்ட்ஸ்’ கடிதத்தின் முடிவில் சொல்லும் அன்பு விசாரிப்பு.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் தலைப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1860, 1861-ஆம் ஆண்டுகளில் தொடராக வந்த அந்நாவலில் அந்தப் பன்மை, ஒருவருக்கு வந்துசேரப்போகும் சொத்தைக் குறிக்கும் அக்கால வழக்கு. எளிய வீட்டுப் பையன் ஒருவனுக்குச் செல்வம் வரப்போகிறது என்ற செய்தியில்தான் கதை திரும்புகிறது. எதிர்பார்ப்பு என்ற ஒருமைப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு தலைப்பைப் படித்தால் அதில் பாதிதான் கிடைக்கும்.

வாழ்த்தும் நன்றியும் சொல்லும் சொற்களும் இந்த வரிசையில் வரும். ‘தாங்க்ஸ்’, ‘கங்கிராஜுலேஷன்ஸ்’, ‘கண்டோலன்சஸ்’, ‘கிரீட்டிங்ஸ்’ எல்லாம் பன்மையிலேயே உறைந்துவிட்டன. ஒரே ஒரு வாழ்த்தானாலும் பன்மைதான். இவற்றை ஆராய்ந்து பயனில்லை. அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுக்கும் சொற்கள்

‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘எவிடன்ஸ்’, ‘நாலெட்ஜ்’, ‘ப்ராக்ரஸ்’, ‘ரிசர்ச்’, ‘ஹோம்வொர்க்’, ‘லக்’ ஆகியவை இன்றைய பொது ஆங்கிலத்தில் பன்மையை ஏற்பதில்லை. இதற்குப் பொருளில் காரணம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு தகவல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று நமக்கு நன்றாகவே தெரியும். பிரெஞ்சு மொழியினர் தகவலையும் அறிவுரையையும் பன்மையில் சொல்கிறார்கள். ஜெர்மானியர் தகவலைப் பன்மையில் சொல்கிறார்கள். தமிழில் தகவல்கள், அறிவுரைகள், சான்றுகள், ஆய்வுகள் என்று எல்லாமே வருகின்றன. ஆகவே ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதும் மாணவரின் சிந்தனையில் பிழையில்லை. ஆங்கிலத்தின் தனி வழக்கு ஒன்று அவருக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவே.

அந்த வழக்கும் என்றைக்கும் இருந்ததன்று. 1788-இல் கல்கத்தாவின் ஆசியக் கழகம் வெளியிடத் தொடங்கிய இதழின் பெயர் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’. வில்லியம் பேலி 1794-இல் வெளியிட்ட சமய நூலின் தலைப்பில் ‘எவிடன்சஸ்’ என்ற பன்மை இருக்கிறது. 1839-இல் சார்லஸ் டார்வின் தம் கடற்பயண நூலுக்கு ‘ஜர்னல் ஆஃப் ரிசர்ச்சஸ்’ என்று பெயர் வைத்தார். அதே ஆண்டில் மைக்கேல் ஃபாரடேயின் மின்னியல் ஆய்வுத் தொகுதிகளில் முதலாவது ‘எக்ஸ்பெரிமென்டல் ரிசர்ச்சஸ்’ என்ற பெயரில் வந்தது. இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. வழக்கு நகர்ந்துவிட்டது; அன்று இயல்பாக இருந்தது இன்று பழைய வாடை வீசுகிறது.

மறுக்கும் சொற்களையும் எண்ண ஆங்கிலம் ஒரு வழி வைத்திருக்கிறது. அரிசியை எண்ண முடியாதபோது படியால் அளப்பதுபோல, ஓர் அளவுச் சொல்லை முன்னே நிறுத்திப் பன்மையை அதன்மேல் ஏற்றுகிறார்கள். ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘ஆக்ட்ஸ் ஆஃப் வயலன்ஸ்’, ‘எ ஸ்ட்ரோக் ஆஃப் லக்’, ‘ஐட்டம்ஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்பவை அப்படிப்பட்டவை. பன்மை ஏற்கும் சொற்களிலும் இந்த முறை நுட்பமாகப் பயன்படும். வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘தி வெரைட்டீஸ் ஆஃப் ரிலிஜியஸ் எக்ஸ்பீரியன்ஸ்’. ‘எக்ஸ்பீரியன்சஸ்’ என்று அவர் எழுதியிருக்கலாம், இலக்கணம் தடுக்காது. அப்போது தனித்தனி நிகழ்ச்சிகளின் தொகுப்பு என்ற பொருள் வந்திருக்கும். பன்மையை வகைகளின்மேல் வைத்து அனுபவத்தை ஒருமையில் நிறுத்தியதால், மனித இனத்துக்கெல்லாம் பொதுவான ஒன்று பல வடிவங்களில் வெளிப்படுகிறது என்ற பொருள் தலைப்பிலேயே அமைந்துவிடுகிறது.

பலருக்கு ஆளுக்கொன்று

தமிழில் முப்பது பேர் உயிரிழந்தனர் என்கிறோம், உயிர்களை எண்ணுவதில்லை. ஆங்கிலத்தில் ‘தேர்ட்டி பீப்பிள் லாஸ்ட் தேர் லைவ்ஸ்’ என்று பன்மை வந்தாக வேண்டும். ‘தே சேஞ்ஜ்டு தேர் மைண்ட்ஸ்’ என்பதும் அப்படியே. ஆளுக்கொன்றாக இருப்பது, பலரைப் பற்றிச் சொல்லும்போது பலவாகிறது. ஆனால் பலர் பொறுமை இழந்தாலும் ‘பேஷன்ஸ்’ ஒருமையில்தான் நிற்கும். உயிரும் மனமும் ஆளுக்கு ஒன்று. பொறுமை அளவு சார்ந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் இதில் இன்னும் தாராளமாக இருந்தது. பலருடைய அன்பைச் சுட்டும்போது ‘லவ்ஸ்’ என்று எழுத அன்று இடமிருந்தது. இன்று அப்படி எழுதினால் காதலர்கள் என்றோ விருப்பங்கள் என்றோ படிப்பவர் எண்ணிவிடுவார்.

கொள்கையாக மாறிய பன்மை

கடந்த சில பத்தாண்டுகளில் அறிஞர்கள் வேண்டுமென்றே பன்மைகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஹோவர்டு கார்ட்னர் 1983-இல் ‘மல்டிபிள் இன்டெலிஜென்சஸ்’ என்ற கோட்பாட்டை முன்வைத்தார். அறிவாற்றலை ஒரே எண்ணால் அளந்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு எதிராக எழுந்தது அந்தப் பன்மை. டானா ஹாரவே 1988-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பில் ‘நாலெட்ஜஸ்’ என்று எழுதினார். அறிபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அறிவு அமைகிறது என்பது அவர் வாதம். ரெய்வின் கானலின் 1995-ஆம் ஆண்டு நூல் ‘மஸ்குலினிட்டீஸ்’, ஆண்மைக்கு ஒரே வடிவம் இல்லை என்று தலைப்பிலேயே அறிவித்தது. ஐசன்ஸ்டாட் 2000-இல் நவீனத்துவத்தைப் பன்மையாக்கி, மேற்குலகின் பாதை ஒன்றே நவீனமாவதற்கு வழி என்ற கருத்தை மறுத்தார். ஸ்ரீநகரில் பிறந்த பிரஜ் கச்ரு ஒரு மொழியின் பெயரையே பன்மையாக்கினார். ‘வேர்ல்டு இங்கிலீஷஸ்’ என்ற அவருடைய துறை, இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் நைஜீரியாவிலும் பேசப்படும் ஆங்கிலங்களைத் திரிபுகள் என்று ஒதுக்காமல் தம்மளவில் முழுமையான வடிவங்களாக ஆராய்கிறது.

இந்தப் பன்மைகள் மதிக்கத்தக்கவை. ஒவ்வொன்றும் ஒரு வாதத்தின் சுருக்கம். அந்த வாதத்தை நடத்துபவர் கையில் அது கூர்மையான கருவி. வாதமே இல்லாத இடத்தில் நாகரிகத்துக்காக ‘நாலெட்ஜஸ்’, ‘பிஹேவியர்ஸ்’ என்று தூவினால் கூர்மை மழுங்கும். அந்தத் துறைக்குள் நின்று, அந்தப் பொருளில் எழுதும்போது மட்டுமே இவற்றைக் கையாள வேண்டும்.

கச்ருவின் பார்வையிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது: ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ முதலியவற்றை நம் ஆங்கிலத்தின் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளலாமா? இவை இந்தியாவில் மட்டுமன்றி, ஆங்கிலத்தைப் பொதுமொழியாகப் பேசும் பல நாட்டவரிடமும் கேட்கின்றன. இவற்றால் பேச்சில் பொருள் கெடுவதில்லை. ஆகவே பேசும் ஒருவரை இடைமறித்துத் திருத்துவது வீண். ஆனால் வேலைக்கான விண்ணப்பம், ஆய்விதழ், தேர்வுத்தாள் ஆகிய இடங்களில் படிப்பவர் இந்த ஒரு ‘எஸ்’ஸை வைத்து எழுதியவரின் திறமையை எடைபோட்டுவிடுகிறார். அது நியாயமில்லை என்றாலும் அந்த இழப்பு நம் மாணவருடையது. அதனால் எழுத்தில் பொது வழக்கைக் கற்றுத்தருவதுதான் அவர்களுக்குச் செய்யும் நன்மை.

தமிழரின் வலிமையும் இடறலும்

தமிழில் அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. மாடு வந்தது, மாடு வந்தன என்று இரண்டும் சொல்லலாம். வினைதான் எண்ணைக் காட்டுகிறது. நன்னூல் இத்தகைய சொற்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. வேண்டும்போது மட்டும் ‘கள்’ சேர்க்கும் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழைகிறோம். அங்கே எண்ணத்தக்க சொல் ஒவ்வொன்றிலும் ஒருமையா பன்மையா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். இடறல் இங்கே நேர்கிறது.

ஆனால் முதற்கேள்விக்கு விடை காண நம் மொழியறிவே துணை நிற்கிறது. உதவிகள், துன்பங்கள், அநீதிகள், உரிமைகள் என்று தயங்காமல் சொல்கிறோம். பொறுமைகள், மகிழ்ச்சிகள் என்று சொல்ல நா கூசுகிறது. எல்லை உள்ளது எது, எல்லையில்லாதது எது என்ற உணர்வு தமிழ்க் குழந்தைக்கும் உண்டு. கற்பிக்க வேண்டியது இரண்டாவது கேள்வியை மட்டுமே; அதாவது, தமிழில் எண்ணத்தக்கதாய் இருந்தும் ஆங்கிலத்தில் மறுக்கும் அந்தச் சில சொற்களை.

எழுதும்போது கடைப்பிடிக்கத்தக்க வரிசை இது. பொதுவான தன்மையைப் பற்றி எழுதினால் ஒருமை. செயல், வகை, உள்ளடக்கம், அளவு இவற்றில் ஒன்றால் எல்லை வரைய முடிந்தால் பன்மையை எண்ணிப்பார்க்கலாம். பிறகு கற்போர் அகராதியில் அந்தச் சொல்லின் அந்தப் பொருளுக்கு நேரே என்ன குறியீடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே சொல்லுக்குப் பொருளுக்குப் பொருள் குறியீடு மாறும். அகராதி மறுத்தால் அளவுச் சொல்லைத் துணைக்கு அழைக்கலாம். அப்படியும் ஐயம் நீங்காவிட்டால் ஒருமையில் எழுதுவதே பாதுகாப்பு.

அருவப் பெயருக்குப் பன்மை இல்லை என்ற தடையை மட்டும் கற்பிக்கும் வகுப்பறை, மாணவரிடமிருந்து ஒரு சிந்தனைக் கருவியைப் பிடுங்கிவிடுகிறது. சுதந்திரம் என்று எழுதுவதா, சுதந்திரங்கள் என்று எழுதுவதா என்று தயங்கும் மாணவர், தாம் பேசுவது ஓர் இலட்சியத்தையா, சட்டத்தின்முன் கேட்டுப் பெற வேண்டியவற்றையா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். அந்த யோசனையை வளர்ப்பதுதான் இலக்கண வகுப்பின் வேலை. இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கற்பித்தால் பிழைகள் குறையும்; அதைவிட மேலாக, தாம் எழுதும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பொறுப்பேற்கும் எழுத்தாளர்கள் உருவாவார்கள்.